விறாந்தையில் பிறந்த பள்ளிக்கூடம்

பள்ளி விடுமுறை முடிகிற நாட்களில் மாங்குளம் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்குள் விடுதிப் பிள்ளைகளை உடனே கண்டுபிடித்துவிடலாம். காலடியில் பெரிய பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த பலகாரப் பார்சல், பக்கத்தில் புத்திமதி சொல்லி முடிக்காத அப்பா. ஒட்டுசுட்டானிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் பெண்பிள்ளைகள் இப்படித் தூர ஊர் விடுதிக்குப் போவது இன்று யாருக்கும் புதினமில்லை. ஆனால் பெண்பிள்ளையை இரவு தங்கவிட்டுப் படிப்பிப்பது ஒரு காலத்தில் இந்த மண்ணில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், இந்தச் சந்தியிலிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில் உள்ள உடுவிலில், ஒரு அமெரிக்கத் தம்பதியின் வீட்டு விறாந்தையில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

கதை 1812இல் தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் சங்கம் முதன்முதலாகக் கீழைத்தேயத்துக்கு அனுப்பியவர்களில் சாமுவேல் நியூவெல், ஹரியட் நியூவெல் என்ற இளந்தம்பதி இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பனி கல்கத்தாவில் தங்கவிடவில்லை. மொரீசியஸ் தீவுக்குப் போன இடத்தில் ஹரியட் இறந்துபோனாள், வயது பத்தொன்பது. நியூவெல் 1813இல் தனியனாக இலங்கைக்கு வந்தார். கவர்னர் பிரவுன்ரிக் அவரை வரவேற்றார். யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று நியூவெல் எழுதியதை நம்பித்தான் 1815 ஒக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டு, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. டானியல் பூரும் மனைவி சூசனும் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். ரிச்சர்ட்ஸ், மெய்க்ஸ் தம்பதிகள் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். 1819இல் பொஸ்டனிலிருந்து இன்னும் நான்கு தம்பதிகள் கப்பலேறினார்கள். அவர்களில் இருவர்தான் உடுவிலுக்கு வந்த மைரன் வின்ஸ்லோவும் ஹரியட் வின்ஸ்லோவும்.

ஏ9 வீதி அப்போது இல்லை. வன்னிக்காடு காய்ச்சலுக்குப் பேர்போனது. கொழும்பிலிருந்து வடக்கே வந்தவர்கள் பெரும்பாலும் மன்னார்ப் பக்கக் கரையோரமாகவே வந்தார்கள். வந்து சேர்ந்த இடங்களில் இவர்களுக்குக் கிடைத்தவை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பாவித்துக் கைவிட்ட கோயில்களும் அவற்றோடு சேர்ந்த வீடுகளும். கூரை போன சுவர்களுக்குப் பனைமரத்தால் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். இந்த வீடு என்பதை நான் சும்மா சொல்லவில்லை. தனி ஆண்கள் வந்திருந்தால் ஒரு பிரசங்க மேடையும் ஒரு மேசையும் போதும். தம்பதி வந்ததால் அடுப்பு, தொட்டில், தையல் பெட்டி, கிணற்றடி எல்லாம் வந்தன. ஊர்ச்சனம் எட்டிப் பார்த்தது அந்த அடுப்படியைத்தான்.

அங்கே நடந்ததாக உடுவிலில் வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். இரண்டு சிறுமிகள் அந்த வளவுக்குள் வந்து விளையாடுவார்கள். விறாந்தையில் இருந்து தைக்கிற வெள்ளைக்கார அம்மாவைத் தூர நின்று பார்ப்பார்கள். தைக்கப் பழகினால் சட்டை தருவேன் என்று ஹரியட் சொல்ல, மெல்ல மெல்லக் கிட்ட வந்தார்கள். ஒருநாள் பின்னேரம் பெருமழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழியில்லை. இரவாகிவிட்டது, பசி. சோறு வேண்டும் என்று அழுதார்கள். ஹரியட் சோறு கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட்டார்கள். பிறகு தகப்பன் தேடி வந்தான். பிள்ளைகள் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டார்கள் என்று அறிந்ததும் அவனுக்குக் கோபம். ஆனால் சாப்பிட்டது சாப்பிட்டதுதானே. பேச்சுவார்த்தை நடந்து கடைசியில் பிள்ளைகளை அங்கேயே விட்டுப் படிப்பிக்கச் சம்மதித்தான்.

அந்தச் சோற்றுக்கு எவ்வளவு பாரம் இருந்தது என்பதை இன்றைய வாசகர் உணர ஒன்று சொல்லவேண்டும். வட்டுக்கோட்டையில் மிஷனிடம் படிக்க வந்த ஆண்பிள்ளைகளே தொடக்கத்தில் மிஷன் வளவுக்குள் சாப்பிட மறுத்தார்கள். சாதி போய்விடும் என்ற பயம். அவர்களுக்காக அடுத்த சைவ வளவில் சமையல் கொட்டில் போடவேண்டி வந்தது. ஆண்பிள்ளைக்கே அப்படியென்றால் பெண்பிள்ளையின் கதை சொல்லவும் வேண்டுமா? எழுத்து வாசிப்பது கோயிலில் ஆடுகிற பெண்களுக்குரிய காரியம், குடும்பப் பெண்ணுக்கு அது இழிவு என்று நம்பிய காலம். பெண்ணுக்குப் படிப்பித்தால் ஆர் கட்டுவான் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மிஷனார் வைத்திருந்த பதிலும் கல்யாணம்தான். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி தொடங்கிவிட்டது. அங்கே படித்துக் கிறிஸ்தவராகும் இளைஞருக்கு அதே நம்பிக்கையுள்ள, வாசிக்கத் தெரிந்த மனைவியர் வேண்டும். 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப்பாடசாலையை ஹரியட் வின்ஸ்லோவின் பொறுப்பில் தொடங்கியபோது இதை அவர்கள் ஒளிக்கவில்லை. படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிஷன் சிறு சீதனமும் கொடுத்தது. மதம் மாற்றும் நோக்கம் அதற்குள் இருந்தது. அதை மறைத்துச் சொன்னால் கதை பொய்யாகிவிடும். ஆனால் வாசிக்கப் பழகிய பெண், பழக்கியவர் நினைத்த எல்லைக்குள் நிற்கமாட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விடுதி மனைவிமாரின் பொறுப்பானதற்கு இன்னொரு காரணத்தையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். 1820இல் ஆட்சி பார்த்த எட்வர்ட் பார்ன்ஸ், இனி அமெரிக்க மிஷனார் யாரும் இலங்கைக்கு வரக்கூடாது என்று தடை போட்டார். அச்சுவேலைக்கென வந்த கரெட் என்பவரைக்கூட நிற்கவிடாமல் அனுப்பிவிட்டார்கள். 1833 வரை இந்தத் தடை நீடித்தது. அத்தனை வருடமும் புதிய ஆள் இல்லை. இருந்த சில தம்பதிகள்தான் எல்லாவற்றையும் இழுத்தார்கள். கணவன்மார் ஊரூராகப் போய்ப் பிரசங்கம் செய்ய, விடுதி முழுக்க மனைவியின் தலையில் விழுந்தது. விடிய எழுப்புவது, அரிசி அளந்து கொடுப்பது, காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து, எழுத்து, கணக்கு, தையல், இரவில் செபம். அவர்களுடைய சங்கத்தின் பதிவேட்டில் இந்தப் பெண்கள் உதவி மிஷனாராகத்தான் எழுதப்பட்டார்கள். அந்தப் பதிவை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அவர்கள் கொடுத்த விலையும் பெரியது. சூசன் பூர் 1821இல் இறந்தாள். ஹரியட் வின்ஸ்லோ 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தாள், முப்பத்தாறு வயதில். தங்கள் சொந்தப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்புவதும் இந்தக் குடும்பங்களில் நடந்தது. ஊர்ப்பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிரிந்திருந்தார்கள்.

ஹரியட்டுக்குப் பிறகு உடுவிலுக்கு வந்தவர்கள் லீவாய் ஸ்போல்டிங்கும் மேரி ஸ்போல்டிங்கும். வந்தபோது நடுவயது. அங்கேயே கிழவன் கிழவியாகி, லீவாய் 1873இலும் மேரி அடுத்த வருடமும் காலமானார்கள். 1820இல் இலங்கையில் கால் வைத்த தம்பதி. அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்துவிட்டார்கள். அவர் தமிழில் கீதங்கள் எழுதினார், அகராதி வேலை பார்த்தார். அவள் விடுதியைப் பார்த்தாள். 1840இல் எலைசா அக்னியு என்ற தனிப்பெண் வந்து அவர்களோடு சேர்ந்து, 1879 வரை பள்ளியை நடத்தினாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவளிடம் படித்தார்கள். முதலில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. விடுமுறையில் ஊரூராகப் போய்ப் பழைய மாணவிகளின் வீடுகளில் ஏறி இறங்குவாள். 1883இல் இறக்கும்வரை அவள் அமெரிக்காவுக்குத் திரும்பவேயில்லை.

கணவனும் மனைவியுமாக ஊழியத்துக்குப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இன்று முதிய தம்பதிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் பேர்பெற்றவர்கள் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபையார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் சொந்தச் செலவில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை வேறு நாட்டில் வாடகை வீடெடுத்து இருப்பார்கள். இளைஞர்களைப்போல வீடு வீடாகத் தட்டவேண்டியதில்லை. அலுவலக வேலை, நிவாரண வேலை, புதியவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு என்று நாள் போகும். அந்தச் சபையும் அமெரிக்க மிஷன் சங்கத்தைத் தந்த நியூ இங்கிலாந்துக் குடும்பங்களின் அதே சமய எழுச்சியில் 1830இல் உருவானதுதான். 1853இல் அவர்களில் இரண்டு ஆண்கள் மனைவி குடும்பத்தை விட்டு இலங்கைக்கு வந்தார்கள். கால் ஊன்ற முடியாமல் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். ஆனால் 1978இல் சமோவாவில் வாழ்ந்த எட்வின் தர்மராஜுவும் எல்சியும் தம்பதியாகத் தங்கள் ஊரான ஹைதராபாத்துக்கு ஊழியம் செய்யப் போனபோது, அவர்களுடைய உறவினர் இருபதுக்கு மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அழைத்துப் போய் உட்காரவைக்க அவர்களுக்கு ஒரு வீடும் சொந்தமும் இருந்தது.

உடுவிலின் பலமும் அப்படியொரு வீட்டில்தான் இருந்தது. அதை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் மிஷனோடு மல்லுக்கு நின்ற சைவர்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான சைவ விடுதிக்கல்லூரிக்கு 1913 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதை உடுவிலுக்கு அடுத்த மருதனார்மடத்தில் அமைத்தவர்களும் ஒரு தம்பதிதான்: சேர் பொன்னம்பலம் இராமநாதனும், அவுஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவிய அவர் மனைவி லீலாவதியும். 1930இல் கணவர் மறைந்த பிறகும் அந்த அம்மாதான் கல்லூரியைக் கொண்டு நடத்தினார்.