சோகியும் தாயக்கட்டையும்

சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும், கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கம்பளை முதலிய ஊர்களிலும் சிங்கள மக்களின் இல்லங்களில் 'பஞ்ச' என்னும் ஆட்டம் களைகட்டுவது மரபு. கோடு வரைந்த பலகை ஒன்று, நகர்த்தும் காய்கள் சில, தமிழகத்தார் சோழி என வழங்கும் சோகிகள் ஆறு, தேங்காய்ச் சிரட்டை ஒன்று; இவையே அதற்கு வேண்டுவன. சோகிகளைச் சிரட்டையிலிட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பர். வாய் மேல்நோக்கி விழுந்தவற்றை எண்ணிக் காயை நகர்த்துவர். இலங்கையின் நீர்ப்பாசனத் துறையிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' பற்றிய ஆங்கில நூலில், இந்நாட்டு ஆட்டங்களுக்கும் இடமளித்தார்.

அதே புத்தாண்டைக் கொண்டாடும் தமிழருக்கு உரியது தாயம். அதற்குக் கருவி சோகியன்று. நீண்ட நாற்பட்டைக் கட்டைகள் இரண்டு. ஆட்டம் இரண்டும் ஒரே இனத்தவை; உருட்டும் முறைகள் மட்டும் வேறு. உருட்டும் முறை வேறானால் நல்வாய்ப்பின் இயல்பும் வேறாகுமோ என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

முதலிலே தாயக்கட்டையை நோக்குவோம். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமை. ஏனைய மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரு கட்டைகளும் சேர்ந்து விழும் வகைகள் மொத்தம் 16. அவற்றுள் மூன்று என்னும் தொகை விழ 4 வழிகள் உள. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாய் விழுந்தால் பன்னிரண்டு எனக் கொள்வர். அதற்கும் ஒரே வழிதான். இனி ஆட்டவிதியைப் பாருங்கள். மறுமுறை உருட்டும் உரிமை ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்பவற்றுக்கே உண்டு. எளிதில் விழாத எண்களுக்கே விதி சிறப்பளித்திருக்கிறது!

சோகியிலும் இவ்வாறே. ஒவ்வொரு சோகியும் இருபுறமும் சமமாக விழும் எனக் கொண்டால், ஆறு சோகிகள் விழும் வகைகள் 64. மூன்று வாய் திறந்து விழ 20 வழிகள் உள. ஐந்து திறந்து விழ 6 வழிகளே. அவ்வரிய ஐந்தின் பெயரையே ஆட்டம் தன் பெயராகக் கொண்டது. உண்மையில் சோகியின் முதுகும் வாயும் ஒத்தவையல்ல. ஆகையால் இக்கணக்கு ஓரளவே பொருந்தும். ஆயினும் நடுவெண் மலிந்தும் ஓரத்தெண் அருகியும் வருவதை ஆடிய கைகள் அனுபவத்தால் அறிந்தன.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டப் பங்கீடு பற்றிக் கடிதம் எழுதி வாய்ப்புக் கணிதத்துக்கு வித்திட்டது 1654இல். பாரதத்து நளன் கதையோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. தான்றி மரத்தின் இலையையும் காயையும் தேரிலிருந்தவாறே மதிப்பிட்டுச் சொன்ன இருதுபன்ன மன்னனிடமிருந்தே நளன் கவற்றின் மறை கற்றான். எண்ணறிவும் கவறும் உறவுடையவை என்பதை அக்கதை செய்தோர் உணர்ந்திருந்தனர்.

நம் காலத்திலும் இவ்வினா ஓயவில்லை. 1974இல் அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசையாட்டத்தை வெளியிட்டனர். அதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துக் கதையை நடத்துவர். அம்மாந்தரின் வலிமையையும் அறிவையும் அன்று மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை தீர்மானித்தது. உச்ச எண்ணாகிய 18 விழுவது 216இல் ஒருமுறையே. நான்கு பகடைகளை உருட்டிச் சிறியதை நீக்கும் முறையை 1979இல் வெளிவந்த நூலொன்று முன்வைத்தது. அம்முறையில் ஏறத்தாழ 62இல் ஒருமுறை 18 விழும். எளியோரின் போராட்டக் கதை வேண்டுவோர் முன்னதையும், பெருவீரர் கதை வேண்டுவோர் பின்னதையும் தேரலாம். பகடையைத் தேரும்போதே கதையின் போக்கும் பாதி முடிவாகிவிடுகிறது.

ஆயினும் எண்களின் நேர்மை மட்டும் போதாது. உருட்டும் கை யாருடையது? அத்தினாபுரத்து அவையிலே பந்தயம் துரியோதனனுடையது; உருட்டிய கையோ சகுனியுடையது. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையன்று எனத் தருமனே சொன்னான், சொல்லியும் இசைந்தான். முதற்கவறு விழுமுன்னரே அவன் தோல்விக்கு வழி திறந்துவிட்டது. நாடும் நகரும் தம்பியரும் பாஞ்சாலியும் பறிபோனது அதன் பின்னரே.

இந்நிலையில் பஞ்ச ஆட்டத்துச் சிரட்டையின் பெருமை விளங்கும். விரலின் வித்தைக்கு அது இடம் குறைக்கிறது. பாட்டியின் கையும் பேரனின் கையும் அதனுள்ளே ஒன்றாகின்றன. அண்டை வீட்டாரோடு சேர்ந்து சிரித்து ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ற கருவி அது.

எனவே, நேயர்களே, வரும் சித்திரையில் பலகையை விரிக்கும்போது எத்தனை சோகி, எவ்வெண்ணுக்கு மறு உருட்டல், தரையில் ஒருக்களித்து நின்ற சோகிக்கு என்ன கணக்கு என்பவற்றை முதற்கண் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னர் சிரட்டையைக் குலுக்கலாம்.