ஒருமையும் பன்மையும்: பிரெஞ்சு முன்னிலை வழக்கில் சமத்துவத்தின் தடம்

முன்னுரை

பிரெஞ்சில் எதிரில் இருப்பவரை ‘த்யூ’ (நீ) என்றும் அழைக்கலாம், ‘வூ’ (நீங்கள்) என்றும் அழைக்கலாம். சமூகம் சமத்துவத்தை நோக்கி நகர நகரப் பன்மை தேய்ந்து ஒருமை பெருகியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இவ்விளக்கம் போதவில்லை. இருவரும் ஒருவரையொருவர் ஒரே வகையில் அழைத்தார்களா என்பதுதான் பூசல்களின் மையமாக இருந்துவந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அரசவை மரபு

இலத்தீனில் ‘தூ’ ஒருவரையும் ‘வோஸ்’ பலரையும் குறித்தன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் பேரரசரைப் பன்மையில் விளிக்கத் தொடங்கியதே மரியாதைப் பன்மைக்கு வித்து என்பர் ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் (1960). இடைக்காலத்தில் இவ்வழக்கு உறுதிப்படவில்லை. ‘ரோலானின் பாடல்’ காப்பியத்தில் ஒருவர் ஒரே ஆளிடம் ஒருமையும் பன்மையும் கலந்து பேசுவதைக் காணலாம்.

17ஆம் நூற்றாண்டில் பன்மை உயர்குடி நாகரிகத்தின் அடையாளமாக இறுகியது. பிரபுக் குடும்பங்களில் கணவனும் மனைவியும்கூடப் பன்மையிலேயே பேசிக்கொண்டனர். வழக்கு இறுகியதால் அதை மீறுவது நாடக உத்தியாயிற்று. ராசீனின் ‘ஃபேத்ர்’ (1677) நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், கணவனின் மகனான இப்போலீத்திடம் பன்மையில் பேசிவந்த அரசி, மறைத்த காதல் வெளிப்படும் கணத்தில் ஒருமைக்குத் தாவுகிறாள். காதலையும் ஆத்திரத்தையும் அந்த ஒரு மாற்றமே அவையோருக்கு உணர்த்திவிடும்.

பிரெஞ்சுப் புரட்சியின் முயற்சி

லூயிஸ் த கெராலியோவின் ‘மெர்கூர் நசியோனல்’ இதழில் 1790 டிசம்பரிலேயே அனைவரையும் ஒருமையில் அழைக்கக் கோரும் கட்டுரை வெளிவந்தது. 1793 அக்டோபர் 31 அன்று மல்பெக் என்பவர் மக்கள் சங்கங்களின் சார்பில் தேசியப் பேரவையில் மனு அளித்தார். தனி ஒருவரைப் பன்மையில் அழைப்பது இலக்கணத்துக்கும் பொருந்தாது, செருக்கையும் வளர்க்கும் என்பது அவர் வாதம். பேரவை மனுவைப் பாராட்டியதே தவிர, ஒருமையைக் கட்டாயமாக்கவில்லை. நவம்பரில் பேரவை உறுப்பினர் பாசீர் இதற்குச் சட்டம் கோரியபோது மற்றோர் உறுப்பினரான துரியோ எதிர்த்தார். ஆயினும் புரட்சி அரசின் பொதுப் பாதுகாப்புக் குழுவின் கடிதங்கள் சட்டமின்றியே ஒருமைக்கு மாறின. 1794இல் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர் வீழ்ந்தபின் பன்மை படிப்படியாகத் திரும்பியது.

ஒருவழி ஒருமை

புரட்சி போற்றிய அதே ஒருமை, குடியேற்ற நாடுகளில் இழிவின் கருவியாயிற்று. 1960 ஜூன் 30 அன்று காங்கோவின் விடுதலை விழாவில், பெல்ஜிய மன்னர் பொதுவன் முன்னிலையில், பிரதமர் பத்ரிஸ் லுமும்பா இதை வெளிப்படையாகச் சொன்னார். கறுப்பரை ஒருமையில் அழைத்தது நட்பினால் அன்று, மதிப்புக்குரிய பன்மை வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் என்றார். அடிமைநிலையின் காயங்களை அடுக்கிய உரையில் இதற்கும் இடம் கிடைத்தது கவனிக்கத்தக்கது.

பிரான்சில் 1968 மே கிளர்ச்சி மாணவரிடையே ஒருமையைப் பரப்பியது. அதற்கு முன்பே, 1966இல், கத்தோலிக்கரும் பிற கிறித்தவரும் ஏற்ற பொது மொழிபெயர்ப்பு கர்த்தர் கற்பித்த செபத்தில் இறைவனை ஒருமையில் அழைத்தது. எனினும் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த காவல்துறை நடத்தை விதி, பொதுமக்களிடம் பன்மையிலேயே பேச வேண்டும் எனக் காவலரைக் கட்டாயப்படுத்தியது. ஏனெனில் சீருடையில் இருப்பவர் ஒருமையில் பேசினால் எதிரில் நிற்பவர் அதே ஒருமையில் பதில் சொல்ல முடியாது.

2018 ஜூன் 18 அன்று மோன் வலேரியன் நினைவிட விழாவில், தன்னைச் செல்லப்பெயரால் அழைத்த பள்ளி மாணவனை அதிபர் மக்ரோன் கண்டித்தார். ‘அதிபர் அவர்களே’ என அழைக்கும்படி அவர் சொன்னதும் ஒருமையில்தான். வயதும் பதவியும் கூடும் இடத்தில் ஒருவழி வழக்கு இன்றும் இயல்பாகவே கருதப்படுகிறது.

முடிவுரை

1793 மனு பன்மையைக் கைவிடச் சொன்னது. 2014 விதி பன்மையைக் கட்டாயமாக்கியது. கோரிக்கைகள் எதிரெதிரானவை, நோக்கம் ஒன்று. முன்னதில் பன்மை மேலோரின் சலுகை; பின்னதில் ஒருமை எளியோர்மீது விழும் சிறுமை. ஆகவே ஒருமையின் பரவலை மட்டும் கணக்கிட்டுச் சமத்துவத்தை அளக்க இயலாது. யார் யாரை எவ்வாறு அழைத்தார், பதிலுக்கு எவ்வாறு அழைக்கப்பட்டார் என்ற இரண்டையும் சேர்த்தே ஆய்வாளர் பதிவுசெய்ய வேண்டும்.