படைவீரனின் ஏடும் பிழை திருத்தும் உரிமையும்

'எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது நம்மவர் பழமொழி. சுவடியைப் பெயர்த்து எழுதியவனின் கைப்பிழையால் நூல் சிதைந்தால், பதிப்பாசிரியர் பல படிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தை மீட்கிறார். ஆனால், ஒரு மனிதனைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த ஏட்டிலே பிழை நேர்ந்தால் அதைத் திருத்துவோர் யார்? எழுதிய கையே திருத்துமா? பிழை என்று மெய்ப்பிக்கும் சுமை யாருடையது? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த நாள் மாறிப்போன மாணவன் பிற்காலத்தில் படும் அல்லலைக் கண்ட ஆசிரியர்களுக்கு இவ்வினாக்களின் கனம் நன்கு விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நோயாலோ காயத்தாலோ படையினின்று விலக்கப்பட்ட வீரர்கள் இவ்வினாக்களை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுப்பி வந்துள்ளனர். அவர்களுக்கு விடை கிடைத்த வரலாறு, அரசு தன் ஏடும் பிழைபடும் என்று ஒப்புக்கொள்ளக் கற்ற வரலாறாகும்.

ஒரு சொல்லின் விலை

படைவீரன் பணியினின்று நீங்கும்போது அவனுக்கு ஒரு சான்று வழங்கப்படுகிறது. வழக்கில் இதனை 'டிஸ்சார்ஜ்' சீட்டு என்பர். அமெரிக்காவில் 1950 முதல் 'டி.டி. 214' என்னும் படிவம் இதற்கெனப் பயன்பட்டு வருகிறது. பணியாற்றிய காலம், பதவி, பெற்ற பதக்கங்கள், நீங்கிய காரணம் ஆகிய யாவும் அதில் அடங்கும். காரணத்தைக் குறிக்கும் இரகசிய எண்களும் ஒரு காலத்தில் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் பொருளை வீரன் அறியாவிட்டாலும், வேலை கொடுப்போர் சிலர் அறிந்திருந்தனர். இதனால் எழுந்த கண்டனத்தின் பயனாக, வீரன் பிறரிடம் காட்டும் படியில் அவ்வெண்களைப் பொறிக்கும் வழக்கம் 1974இல் கைவிடப்பட்டது.

நோயால் விலகுவோனுக்கு ஏட்டில் மூன்று செய்திகள் முதன்மையானவை. அவன் பணிக்குத் தகுதியற்றவன் ஆனானா? அந்நோய் பணியிலே வந்ததா, முன்பே இருந்ததா? ஊனத்தின் அளவு எத்தனை விழுக்காடு? 1949இல் இயற்றப்பட்ட படைஞர் ஊதியச் சட்டம் 30 விழுக்காட்டை எல்லையாக வகுத்தது. ஊனம் 30 விழுக்காடோ அதற்கு மேலோ ஆயின் அவன் ஓய்வுபெற்றவன் ஆவான். திங்கள்தோறும் ஓய்வூதியம் பெறுவான். அதற்குக் குறைந்து, பணிக்காலமும் 20 ஆண்டை எட்டாவிடில் ஒருமுறைத் தொகையோடு கணக்குத் தீர்ந்துவிடும். முன்னாள் வீரர் நலத்துறை தனியே வழங்கும் உதவி வேறு. படையின் ஓய்வூதியம் வேறு. எனவே, மருத்துவக் குழு 20 என்று எழுதினால் ஒரு வாழ்வு. 30 என்று எழுதினால் வேறொரு வாழ்வு. நோய் முன்பே இருந்தது என்று எழுதிவிட்டாலோ, அந்த ஒருமுறைத் தொகையும் கைக்கு எட்டாமற் போகலாம்.

கருணையினின்று உரிமைக்கு

விடுதலைப் போரில் ஊனமுற்றோர்க்கு உதவித்தொகை வழங்க 1792இல் ஒரு சட்டம் பிறந்தது. வீரனின் ஊனத்தை நீதிபதிகள் ஆராய்ந்து முடிவு கூற வேண்டும். பின்னர் அம்முடிவைப் போர்த்துறைச் செயலாளர் ஏற்காமலும் விடலாம் என்பது ஏற்பாடு. நீதிமன்றத்தின் தீர்ப்பை நிருவாக அதிகாரி மாற்றுவது முறையன்று என்று நீதிபதிகள் மறுத்தனர். ஹேபர்ன் என்னும் வீரரின் பெயரால் சட்ட நூல்களில் நிலைத்துவிட்ட வழக்கு இதுவே. மறு ஆண்டில் சட்டம் மாற்றப்பட்டது. ஆயினும், ஊனமுற்றவனின் ஏட்டை இறுதியாகத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி குடியரசின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது என்பது கருதத்தக்கது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் இக்கேள்வி பெருகிற்று. ஏட்டில் நோய்க்குறிப்பு இல்லாதோரும், உதவித்தொகை அலுவலகம் கைவிட்டோரும் தம் தொகுதிப் பிரதிநிதியை நாடினர். அவர் அந்த ஒருவருக்காகவே ஒரு தனி மசோதாவைக் காங்கிரஸ் சபையில் கொண்டுவருவார். 1885 முதல் 1889 வரை குடியரசுத் தலைவராயிருந்த குரோவர் கிளீவ்லந்து, இத்தகைய உதவித்தொகை மசோதாக்களில் 200க்கு மேற்பட்டவற்றைத் தம் மறுப்புரிமையால் தள்ளினார். அவற்றுள் பொய்க் கோரிக்கைகளும் இருந்தன. மெய்யான துயரங்களும் இருந்திருக்கும். செல்வாக்குடையோர் கதவைத் தட்ட முடிந்தது, மற்றையோர் வாளாவிருந்தனர். கிடைத்தது நீதியாயினும் வந்த வழி கருணையே.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1944 ஜூன் 22இல் கையொப்பமான முன்னாள் வீரர் மறுவாழ்வுச் சட்டம், கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிசெய்தது என்றே பலரும் அறிவர். விடுவிப்பின் தன்மையை மறுபடி ஆராயும் குழுக்களையும், ஊனத்தால் ஊதியமின்றி விலக்கப்பட்ட அதிகாரிகளின் வழக்கை ஆராயும் குழுக்களையும் ஏற்படுத்தியதும் அச்சட்டமே.

ஈராண்டு கழித்து, 1946 ஆகஸ்டில் காங்கிரஸ் தன் சொந்த வேலைமுறையைச் சீர்திருத்திக்கொண்டபோது, படைப் பதிவேட்டைத் திருத்தும் தனி மசோதாக்கள் இனி ஏற்கப்படா என்று விதித்தது. அந்த அதிகாரத்தைப் படைத்துறைச் செயலாளர்களிடம் ஒப்படைத்தது. ஆனால், அவர்கள் அதனைச் சிவிலியர்கள் அடங்கிய குழுவின் வாயிலாகவே செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. சீருடை அணிந்தோர் எழுதிய ஏட்டைச் சீருடை அணியாதோர் திருத்துவர் என்பது இதன் பொருள். 'பிழையைத் திருத்தலாம்' என்பதோடு நில்லாமல், 'அநீதியை அகற்றலாம்' என்றும் சட்டம் கூறிற்று. விதிப்படி எழுதப்பட்டதும் அநீதியாகலாம் என்ற ஒப்புதல் அதில் உள்ளது. ஏடு திருந்தினால் அதன் விளைவாகச் சேரவேண்டிய பணத்தையும் தரலாம் என்று 1951ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

எனினும், முட்கள் நீங்கவில்லை. பிழையை அறிந்த நாள்முதல் மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; நீதியின் பொருட்டுக் குழு விரும்பினால் தாமதத்தை மன்னிக்கலாம். ஏட்டில் உள்ளது சரியே என்ற கருத்தோடுதான் குழு தொடங்குகிறது. அதற்கு மாறாக மெய்ப்பிக்கும் சுமை, நோயுற்று விலகிய அவ்வீரனின் தோளிலேயே இருக்கிறது.

எரிந்த ஏடுகள்

அச்சுமை எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 1973 ஜூலை 12 காட்டியது. செயின்ட் லூயிஸ் நகரையடுத்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் அன்று மூண்ட தீ, 160 முதல் 180 இலட்சம் கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1959 முடியத் தரைப்படையினின்று விலகியோரின் கோப்புகளில் 80 விழுக்காடு சாம்பலாயிற்று. 1947 செப்டம்பர் முதல் 1963 முடிய விமானப்படையினின்று விலகியோருள், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பிற்பட்டோரின் கோப்புகளில் 75 விழுக்காடு அழிந்தது. அவற்றிற்கு மறுபடி இல்லை.

மூலம் அழிந்த நூலை மேற்கோள்களைக் கொண்டு மீட்பதுபோல, சம்பளப் பட்டியல்களையும் வேறு அலுவலகங்களின் குறிப்புகளையும் கொண்டு காப்பகத்தார் பலரின் பணிவரலாற்றை மீட்டனர். 1942 முதல் 1945 வரையும், 1950 முதல் 1954 வரையும் எழுதப்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகள் பின்னர்க் கிட்டியதும் பேருதவியாயிற்று. உடனிருந்த தோழர்கள் எழுதித்தரும் சாட்சியமும் ஏற்கப்படுகிறது. ஆயினும், முதுமையில் நோயோடு இருப்பவன் தன் தோழர்களை எங்கே தேடுவான்?

பெயரிடப்படாத நோய்

உடற்காயம் கண்ணுக்குத் தெரியும், மனக்காயம் தெரியாது. போர் அதிர்ச்சியால் நெடுநாள் வருந்தும் நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இன்று வழங்கும் பெயரை 1980இல்தான் சேர்த்தது. வியத்நாம் போர் வீரர் பலர் அதற்கு முன்பே விலக்கப்பட்டிருந்தனர். 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதப்பட்டவர்கள் சிலர். அச்சொல்லின் உட்பொருள், குறை அவன் பிறவியோடும் வளர்ப்போடும் வந்தது, போரினால் வந்ததன்று என்பதாம். 2001க்குப் பிந்திய போர்களிலும் இது தொடர்ந்தது. ஆறு ஆண்டுகளில் 22,500 பேர் வரை இக்காரணம் காட்டி விலக்கப்பட்டமை 2007இல் காங்கிரஸ் விசாரணைக்கு உள்ளாயிற்று.

விழுக்காட்டைக் குறைத்து மதிப்பிட்டனர் என்ற முறையீடும் வலுத்தது. 2008இல் இயற்றிய சட்டம், 2001 செப்டம்பர் 11 முதல் 2009 முடிய 20 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ மதிப்பிட்டு விலக்கப்பட்டோரின் வழக்கை மறுபடி ஆராயத் தனிக்குழு அமைத்தது. அக்குழு மதிப்பீட்டை உயர்த்தப் பரிந்துரைக்கலாம், குறைக்கலாகாது. முறையிட்டால் உள்ளதும் போய்விடுமோ என்று அஞ்சுவோர்க்கு இது பெரிய ஆறுதல்.

2014இல் பாதுகாப்புச் செயலாளர் சக் ஹேகல், தாமும் வியத்நாமில் காயமுற்றவர், போர் அதிர்ச்சி நோய் கொண்டோரின் விண்ணப்பங்களைத் தாராள நோக்கோடு ஆராய வேண்டும் என்று திருத்தக் குழுக்களுக்குக் கட்டளையிட்டார். அந்நோக்கு எதுவரை செல்லும்? 1968இல் ஆளுமைக் கோளாறு என்று எழுதி விலக்கப்பட்ட கடற்படை வீரர் ஒருவர், அதனை ஊன ஓய்வு என மாற்றக் கோரினார். அவர் வழக்கிலும் அந்நோக்கு வேண்டும் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. விலகி 55 ஆண்டு சென்றபின் கிடைத்த சொல் அது. மறு ஆண்டே, பணிக்குத் தகுதியுண்டா இல்லையா என்னும் வினாவுக்கு அந்நோக்கு பொருந்தாது என்று பாதுகாப்புத் துறை விளக்கம் வெளியிட்டது. வழக்கு முடிந்தபாடில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஏடு எழுதுவோர் தெய்வம் அல்லர். எழுதப்பட்டது நெடுநாள் நின்றுவிட்டது என்பதனாலேயே உண்மையாகிவிடாது. திருத்தும் வாயில் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. நோயுற்றவன் தள்ளாடி வந்தும் நுழையக்கூடியதாக அது இருத்தல் வேண்டும். அரசு தன் வீரனிடம் உடலையும் உயிரையும் கேட்டபோது சான்று கேட்கவில்லை. அவன் திரும்பி வந்து ஒரு சொல்லைத் திருத்தும்படி கேட்கும்போது, சான்றின் சுமை முழுவதையும் அவன்மேல் ஏற்றுவது அறமாகுமா? நாள்தோறும் பிறர் வாழ்வைப் பற்றி ஏட்டில் எழுதும் நாமும் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.