தாய்ப்பாலின் நோய் எதிர்ப்புக் கூறுகளும் வடசென்னைச் சூழலும்

பச்சிளங்குழந்தையைத் தொற்றிலிருந்து காக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ, லாக்டோஃபெரின், லைசோசைம், வெள்ளணுக்கள், ஒலிகோசாக்கரைடு சர்க்கரைகள் ஆகியன தாய்ப்பாலின் நோய் எதிர்ப்புக் கூறுகள். இவற்றுள் இம்யூனோகுளோபுலின் ஏ சீம்பாலில்தான் மிகச் செறிவாக இருக்கும். தாயின் குடலுக்குள் புகுந்த கிருமியை இனங்கண்ட பி அணுக்கள் இரத்தம் வழியே மார்பகத்தை அடைந்து, அக்கிருமிக்கென்றே இப்புரதத்தை உருவாக்குகின்றன. வடசென்னையின் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ பிள்ளை எதிர்கொள்ளப்போவதும் தாய் எதிர்கொண்ட அதே கிருமிகளைத்தான். எந்த மாவுப்பாலுக்கும் இந்தத் திறன் இல்லை. இந்தியா, வியட்நாம், தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் தாய்ப்பாலை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், ரோட்டா வைரஸுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் ஏ இந்தியத் தாய்மாரிடமே மிகுந்திருந்தது.

அப்படியானால் அசுத்தம் நல்லது செய்கிறதா என்று கேட்கலாம். இல்லை; தாயைத் தொற்றுக்கு ஆளாக்கிப் பாலில் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் அதே கெட்ட தண்ணீர்தான் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கையும் தருகிறது. அந்த மிகுதி, தாய் சுமந்த தொற்றின் கணக்கு. பாலில் எதுவும் கூடக்கூட நல்லது என்றும் சொல்வதற்கில்லை. வேலூர் பிள்ளைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட சில ஒலிகோசாக்கரைடுகள் மிகுந்த பாலுக்கும், பிறந்த சில நாட்களில் நோய்க்குறிகளோடு வரும் ஒருவகை ரோட்டா தொற்றுக்கும் தொடர்பு தெரிந்தது.

ஏழைத் தாயின் பால் சத்தற்றது என்னும் பேச்சு ஆதாரமற்றது, கொடுமையானதும்கூட. கடும் ஊட்டக்குறைவு இல்லாதவரை எதிர்ப்புப் புரதங்கள் பெரிதும் குறைவதில்லை; ஒலிகோசாக்கரைடுகளின் வகையைப் பெரும்பாலும் மரபணுவே முடிவுசெய்கிறது. உணவு நேராகத் தொடுவது பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களையும் சில வைட்டமின்களையும்தான். நெத்தி­லியும் மத்தியும் உண்ணும் தாயின் பாலில், அழற்சியை மட்டுப்படுத்தும் ஒமேகா-3 கொழுப்புகள் கூடுகின்றன. பால் ஊறுவதற்கென்று கடலோர வீடுகளில் சமைக்கும் சுறாப்புட்டைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: வேட்டையாடும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது, சிறுமீனில் அந்த அபாயம் குறைவு.

கனமான சிக்கல் ஆலை, பூச்சிக்கொல்லி நச்சுகள். இந்தியப் பெருநகரங்களின் தாய்ப்பாலில் டிடிடி, எச்சிஎச் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் எச்சங்களும் பிசிபி என்னும் ஆலை வேதிப்பொருளின் எச்சங்களும் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில், உடலில் பிசிபி மிகுந்த பிள்ளைகளிடம் தடுப்பூசிக்கு உருவாகும் எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தது. 2023 டிசம்பரில் வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கரையோரத்தார் உண்ணும் மட்டிகளும் அதில் சிக்கின. எண்ணெயின் நச்சுகளை மீன்களைப்போல் விரைவாகச் சிதைக்க மட்டிகளால் இயலாது. இதைக் காட்டித் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது தவறு. எச்சங்கள் இருந்தும் தாய்ப்பாலையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அசுத்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் எதிர்ப்புக் கூறுகளைத் தராமல் தொற்றை மட்டும் தரக்கூடும். பாலூட்டும் மாதங்களில் தாய் பத்தியம் இருந்தும் பயனில்லை. டிடிடி, பிசிபி போன்ற நச்சுகள் அவள் சிறுமியாக இருந்த நாள் முதல் உடற்கொழுப்பில் சேர்ந்தவை. பல நாடுகளின் தாய்ப்பாலில் டிடிடி அளவு இறங்கியது, அதன் பயன்பாட்டைச் சட்டம் கட்டுப்படுத்திய பிறகே.