காசியில் நெருப்பு யாருடையது?

காசிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. குமரகுருபரர் அங்கே மடம் நிறுவினார். பாரதி 1898 முதல் சில ஆண்டுகள் அங்கே படித்தார். நகரத்தார் சத்திரம் கட்டினார்கள். தென்காசி, சிவகாசி என்று ஊர்ப்பெயரிலேயே காசியைக் கொண்டுவந்து வைத்தார்கள். 2022 நவம்பரில் 'காசி தமிழ்ச் சங்கமம்' என்று ஒன்றிய அரசு ஒரு மாத விழாவே எடுத்தது. எல்லாம் சரி. இந்த உறவில் சேரி எங்கே இருக்கிறது?

மரக்காணம் உப்பளத்துச் சேரிக்குக் காசி ரயிலேறி வரவில்லை. கூத்திலும் சுடுகாட்டிலும்தான் வந்தது. இங்கே பாத்தியில் உப்பு வாரி, தலையில் சுமந்து, அம்பாரம் போட்ட சனம் கங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் காசி மயானத்தைத் தெரியாத ஆள் ஒருவரும் இல்லை. விடிய விடிய 'அரிச்சந்திரன் மயான காண்டம்' பார்த்து அழுத சனம் இது. வட தமிழ்நாட்டுச் சுடுகாடுகளின் வாசலில் இன்றும் அரிச்சந்திரன் மேடோ கல்லோ இருக்கிறது. பாடையை அங்கே இறக்கித் திசை மாற்றி வைப்பார்கள். வெட்டியான் அரிச்சந்திரன் கதையைச் சொல்லி, கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு வாங்கினால்தான் பிணம் உள்ளே போகும். எவ்வளவு பெரிய மிராசுதார் பிணமாக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்கத்தான் வேண்டும். ஊருக்குள் நம்மை நிறுத்தி வைத்தவன், பிணமான பிறகு நம் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறான்.

இது நமக்குப் பெருமையா? அங்கேதான் கதையைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.

விசுவாமித்திரனுக்குக் கொடுத்த வாக்குக்காக நாட்டை இழந்த ராசா, காசிக்கு வந்து பெண்டாட்டி பிள்ளையைப் பார்ப்பானிடம் விற்கிறான். தன்னைச் சுடுகாட்டுக் காவலன் வீரபாகுவிடம் விற்றுக்கொள்கிறான். செத்த மகனைத் தூக்கிவந்த சந்திரமதியிடமே சுடுகாட்டுக் கூலி கேட்கிறான். நாம் இந்த இடத்தில்தான் அழுகிறோம். ஆனால் எதற்காக அழுகிறோம்? ஒரு சத்திரியன் நம் வேலையைச் செய்ய நேர்ந்ததே என்பதற்காக! அவனுக்குக் கொஞ்ச காலத்துச் சோதனை. முடிந்ததும் ராச்சியம் திரும்பக் கிடைக்கிறது. வீரபாகுவின் பரம்பரைக்கு என்ன கிடைத்தது? அதே கோல், அதே சாம்பல். வடமொழி மார்க்கண்டேய புராணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிய சண்டாளன் உண்மையில் சண்டாளனே இல்லையாம். வேஷம் போட்டு வந்த தருமதேவதையாம். ராசாவுக்கு எசமானாக ஒரு சேரிக்காரன் இருந்தான் என்று கதையில்கூடச் சொல்ல மனம் வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 'அரிச்சந்திரனின் பொய்கள்' என்று தலைப்பு வைத்தே எழுதினார் என்றால், அந்தக் கோபத்தின் நியாயம் இதுதான்.

புராணத்தை விடுவோம். நிஜக் காசிக்கு வருவோம்.

வருணை, அசி என்ற இரண்டு ஆறுகள் கங்கையில் கலக்கும் இடங்களுக்கு நடுவில் கிடப்பதால் வாரணாசி என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். கங்கைக் கரை நெடுகப் படித்துறைகள். பிணம் எரிவது இரண்டில்: மணிகர்ணிகை, அரிச்சந்திரன் துறை. தமிழர்கள் காலங்காலமாகக் கூடுகிற அனுமான் துறையும் கேதார் துறையும் இந்த அரிச்சந்திரன் துறையின் அக்கம்பக்கம்தான். மணிகர்ணிகையில் விறகைத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள். கொள்ளி வைக்கிற தலைமகன் நெருப்பை வாங்குவது டோம் சாதிக்காரர் கையிலிருந்து. அணையாமல் காக்கப்படும் அந்த நெருப்பு அவர்களுடையது. காசியில் செத்தால் சிவனே காதில் தாரக மந்திரம் சொல்லி மோட்சம் தருவான் என்பது சாஸ்திரம். டோம் நெருப்புக் கொடுக்காவிட்டால் பிணம் வேகாது என்பது நடைமுறை. கங்கையின் புனிதம் மொத்தமும் எந்தக் கையைத் தீட்டு என்கிறதோ அந்தக் கையை நம்பித்தான் நிற்கிறது.

அந்தக் கைக்கு மரியாதை கிடைத்ததா? 2019 நாடாளுமன்றத் தேர்தலில் பிரதமரின் வேட்புமனுவை முன்மொழிந்தவர்களில் ஒருவர் டோம் ராஜா ஜகதீஷ் சவுத்ரி. 2020-இல் அவர் இறந்தார். 2021-இல் இறந்தவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நல்லது. ஆனால் விருது ஒரு ஆளுக்கு. வேலை ஒரு சாதிக்கு. அது மாறவில்லை.

கோயில் வாசலையும் பார்த்துவிடலாம். 1950-களில் தலித்துகள் விசுவநாதர் கோயிலுக்குள் போனபோது, கர்பாத்ரி சுவாமியின் தலைமையில் இருந்த சனாதனிகள் சாமி தீட்டாகிவிட்டது என்று சொல்லி, தங்களுக்கென்று தனியே ஒரு விசுவநாதர் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். சேரிக்காரன் பார்த்ததால் சாமியையே மாற்றிய ஊர் அது. 1978-இல் ஜகஜீவன்ராம் அங்கே சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்து வைத்தார். அப்போது அவர் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். அவர் போன பிறகு அந்தச் சிலையைக் கங்கை நீரால் கழுவினார்கள். ராணுவத்துக்கே அமைச்சரானாலும் கை பட்டால் தீட்டு. 1904-இல் காசிக்குப் போன பெரியாரைப் பார்ப்பனரல்லாதார் என்று சத்திரத்தில் சோறு போடாமல் துரத்தினார்கள். எச்சில் இலையில் பசியாறினார் என்பது தெரிந்த கதை. அவருக்கே அது என்றால் நமக்கு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் காசி நமக்கு வேண்டாமா? வேண்டும். இன்னொரு காசி இருக்கிறது. தெற்கே சீர் கோவர்தன்பூர். செருப்புத் தைத்த ரவிதாசர் பிறந்த இடம். தோல் ஊறவைக்கிற தொட்டியிலேயே கங்கை அவருக்கு வந்து காட்சி தந்தாள் என்று மக்கள் கதை சொல்கிறார்கள். ஆற்றுக்கு அவர் போகவில்லை. ஆறு அவரிடம் வந்தது. ஒவ்வொரு மாக பௌர்ணமிக்கும் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கான தலித்துகள் அங்கே வருகிறார்கள். அவர்கள் காசிக்கு வருவது விசுவநாதனுக்காக இல்லை, செருப்புத் தைத்தவருக்காக. வடக்கே சாரநாத். புத்தர் முதல் போதனை செய்த மண். 1956 நவம்பரில், காத்மாண்டு உலக பௌத்த மாநாட்டுக்குப் போன பாபாசாகேப் அம்பேத்கர், திரும்பும் வழியில் சாரநாத்துக்கு வந்தார். அடுத்த சில நாட்களில், டிசம்பர் 6 அன்று மறைந்தார். அவருடைய கடைசிப் பயணத்தில் இருந்த காசி இந்தக் காசி.

எங்க ஆயா உப்பளத்தில் ஆயுசெல்லாம் நின்ற கால்காரி. யாராவது காசித் தீர்த்தம் என்று செம்பைக் கொடுத்தால் சிரிக்கும். "கடலையே காய வச்சு உப்பாக்குற சனம்டா நாம. இந்தச் செம்புத் தண்ணி நம்மள என்னா சுத்தம் பண்ணிடும்?" என்று கேட்கும். குஜராத்தின் கட்ச் உப்பளங்களில் வேலை செய்யும் அகரியா மக்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: செத்த பிறகு உடம்பு எரிந்தாலும் உப்பேறிய பாதம் எரியாதாம். காசி நெருப்புக்கும் எரியாத வரலாறு அந்தப் பாதத்தில் இருக்கிறது. பாவம் செய்தவன் கங்கைக்குப் போகட்டும். உழைத்தவனுக்குக் கழுவ என்ன இருக்கிறது?

தோழர்களே, இப்போது சுற்றுலா ரயில்கள் ஓடுகின்றன; சேரியிலிருந்தும் காசிக்குப் போகிறார்கள். போகட்டும். மணிகர்ணிகையில் நின்று அந்த நெருப்பைக் கொடுப்பவர் யாரென்று பார்க்கட்டும். ரவிதாசர் ஊருக்கும் சாரநாத்துக்கும் போய்விட்டு வரட்டும். வந்ததும் நம் ஊர்ச் சுடுகாட்டைப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று இரண்டு சுடுகாடு எதற்கு? சேரிப் பிணம் போகப் பாதை மறிப்பது எதற்கு? குழி வெட்டுவதும் பிணம் எரிப்பதும் ஒரு சாதியின் தலைமுறைக் கடமையாக இருப்பது எதற்கு? அது வேலை என்றால் அரசு சம்பளம் கொடுத்து எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்கட்டும். கால் பணத்துக்கும் முழத்துண்டுக்கும் அரிச்சந்திரன் வேண்டுமானால் மறுபடி வரட்டும். நாம் கோலைக் கீழே போட்டாயிற்று.