தோட்டத்து ஆஸ்பத்திரியும் மெடிக்கல் கார்டும்

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தாமான் செந்தோசாவிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். "இன்சூரன்ஸ்லேர்ந்து கடுதாசி வந்திருக்குய்யா. நாலு பக்கம் இங்கிலீசு. வந்து படிச்சி சொல்லிட்டுப் போ."

நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் நன்றியும் வருத்தமும். விஷயம் ஒரே ஒரு கட்டத்துக்குள் இருந்தது. மாதம் 290 ரிங்கிட் கட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த புதுப்பிப்பு முதல் 440 ரிங்கிட் கட்ட வேண்டும். பெரியம்மாவுக்கு அப்போது 63 வயது. தொழிற்சாலை வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. பதினேழு வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டியவர், அந்தக் கார்டைப் பயன்படுத்தியது ஒரே முறை, பித்தப்பைக் கல்லுக்காக. எண்ணைச் சொன்னதும் அவர் அதிர்ச்சி அடையவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"தோட்டத்துல இருந்தப்போ காய்ச்சல்னா டிரசர்கிட்ட போவோம். எல்லா நோவுக்கும் ஒரே வெள்ளை மருந்துதான். ஆனா அந்தாளு ஒரு நாளும் காசு கேட்டதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவந்தது. காசு கேட்காத ஆஸ்பத்திரி ஒன்று நம் குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எப்போது காணாமல் போனது?

அது கருணையால் வந்ததல்ல. கிள்ளானில் அதன் கதை மரணத்திலிருந்து தொடங்குகிறது. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றபோது ஊரே மலேரியாவில் படுத்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழ, திறந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் நிலை வந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்தார், காட்டை வெட்டினார், வாய்க்கால் தோண்டினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582ஆக இருந்த மரணங்கள் அடுத்த ஆண்டே 144ஆகக் குறைந்தன. உலக மலேரியா வரலாற்றில் கிள்ளானுக்கு ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. (அந்த வாய்க்கால்களைத் தோண்டிய கைகள் யாருடையவை என்பதை அந்த வரலாறு அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை.)

ஊரைக் காப்பாற்றியாயிற்று. பிறகு ரப்பர் வந்தது. புதிதாகக் காடு அழித்த தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் அதே காய்ச்சலில் செத்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு கூலிகளைக் கட்டிவைக்க முடியாது. சாவு அதிகமாக உள்ள தோட்டம் என்று பெயர் கெட்டால் கங்காணிக்கு ஊரில் ஆள் கிடைக்காது. இந்திய அரசாங்கமும் கேள்வி கேட்டது. ஆகவே தோட்ட முதலாளி தன் செலவில் ஆஸ்பத்திரி வைக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும் என்ற கடமை தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஏறியது. கூலி, லயம், மருந்து மூன்றும் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன.

அந்த ஆஸ்பத்திரியை நினைத்து ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர், அவர் சொல்வதுதான் நோய். காலையில் பெரட்டுக்கு நிற்க முடியாதவன் உண்மையிலேயே நோயாளியா, நடிக்கிறானா என்று தீர்ப்பு சொல்வதும் அவரே. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. மருந்து இலவசம், நோய் இலவசமல்ல. வயதான தோட்டத்து மனிதர்களிடம் பேசிப்பாருங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்புவானா என்ற பயம் இன்னும் அவர்கள் குரலில் இருக்கும்.

அதனால்தான் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் மருத்துவம் ஒரு கோரிக்கையாக எழுந்தது. அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாகச் சம்பளத்தையும் சைக்கிளையும் மட்டும் நினைவுகூர்கிறோம். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றது நம் ரோமத்தைச் சிலிர்க்கவைக்கும் கோரிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த பட்டியலில், சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, முறையான மருத்துவ வசதி என்பதும் இருந்தது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் மருத்துவம் இல்லை என்று போராடவில்லை. கொடுக்கப்பட்ட மருத்துவம் முறையாக இல்லை என்று போராடினார்கள். முதலாளியின் கடமை என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை, முதலாளிக்கும் சந்தேகமில்லை. சண்டை தரத்தைப் பற்றியது. இன்று பெரியம்மாவின் கடிதத்தில் அந்தக் கடமை யார் பெயரிலும் இல்லை. இருப்பது ஒரு வாடிக்கையாளர், ஒரு நிறுவனம், ஒரு விலை.

பிரிக்பீல்ட்ஸ் கதை வேறு. அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவும் இந்தியத் தொழிலாளியும் அரசாங்க ஊழியர்கள். அரசு மருத்துவமனையில் அவர்களுக்குத் தகுதிக்கேற்ற வார்டு உண்டு, ஓய்வூதியக்காரருக்கும் அது தொடரும். ரயில்வே 1992இல் நிறுவனமாக்கப்பட்டது. நூறு குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் கோபுரங்கள் எழுந்தன. ஒரே மொழி பேசும் இரண்டு கூட்டம், ஒன்றின் நோய்க்கு அரசாங்கம் பொறுப்பு, மற்றதன் நோய்க்குத் தோட்டம் பொறுப்பு. நிலம் விற்கப்பட்டபோது எதை யார் இழந்தார்கள் என்பது இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் சேமிப்பும் சங்கமும் வளர்ந்தன. ஊழியர் சேம நிதி 1951இல் வந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல். அதே 1954இல்தான் கூட்டுறவு இயக்கத்தின் பிள்ளையாக ஒரு காப்புறுதிச் சங்கமும் பிறந்தது. எம்.சி.ஐ.எஸ். என்ற பெயரைப் பெட்டாலிங் ஜெயாவில் கட்டடமாகப் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர்களே உரிமையாளர் என்ற எண்ணத்தில் தொடங்கியது பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் சன்லாம் குழுமத்தோடு சேர்ந்தது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியின் மாதச் சந்தாவில் தோட்டங்களையே வாங்கியது. நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிய அளவுக்கு, ஆஸ்பத்திரிக் கடமையைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அது எப்போதும் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த சொக்சோவும் வேலையில் அடிபட்டவருக்கும் உழைக்க முடியாமல் போனவருக்கும்தான். சாதாரணக் காய்ச்சலும் சர்க்கரையும் அதன் கணக்கில் வராது.

இப்போது சீபீல்ட் தோட்டத்துக்கு வருவோம். 1976இல் அந்த ரப்பர் நிலத்தில் சுபாங் ஜெயா என்ற நகரம் எழத் தொடங்கியது. 1985இல் அங்கே ஒரு தனியார் மருத்துவமனை திறக்கப்பட்டது, சுபாங் ஜெயா மெடிக்கல் சென்டர். அது நீண்ட காலம் சைம் டார்பியின் கையில் இருந்தது. தோட்டங்களுக்குப் பெயர்போன அதே சைம் டார்பி. 2013இல் ஆஸ்திரேலியாவின் ராம்சே கூட்டாளியானது. 2023 கடைசியில் அந்தக் கூட்டு நிறுவனம் மொத்தமும் ஏறத்தாழ 570 கோடி ரிங்கிட் மதிப்பில் கொலம்பியா ஏசியாவுக்குக் கைமாறியது. ஒரு காலத்தில் தொழிலாளிக்கு மருந்து கொடுப்பது தோட்ட நிர்வாகத்துக்குச் செலவுக் கணக்கு. அதே மண்ணில் மருந்து வரவுக் கணக்காக மாறிய வரலாறு இது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. எல்லாம் முறைப்படி நடந்தது, அதுதான் கவனிக்க வேண்டியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக வீடமைப்பாக மாறியபோது வெளியேறியவர்களுக்கு என்ன கிடைத்தது? 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் கூலி. வீட்டுக்காகப் பல இடங்களில் போராட்டம் நடந்தது, சில இடங்களில் வீடும் கிடைத்தது. டிரசருக்கும் அந்த வெள்ளை மருந்துக்கும் யாரும் இழப்பீடு கணக்கிடவில்லை. அது எந்தக் காகிதத்திலும் தொழிலாளியின் சொத்தாக எழுதப்படவில்லையே.

"அப்ப அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1982ஆம் ஆண்டுக் கட்டண ஆணையின்படி புறநோயாளிக்கு 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்க நாளுக்கு 3 ரிங்கிட். உலகத்தில் இதற்கு ஈடு சொல்ல அதிக நாடுகள் இல்லை. கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் 1985இல்தான் செயல்படத் தொடங்கியது. சுபாங் ஜெயா மருத்துவமனை பிறந்த அதே வருடம், கொஞ்ச தூரத்தில். இன்று ஒன்றில் காசு காத்திருக்கிறது, மற்றதில் ஆள் காத்திருக்கிறார். ஸ்கேனுக்குத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகும். எலும்புக்கு வைக்கும் தகடு போன்ற சிலவற்றை நோயாளியே வாங்கிவர வேண்டியிருக்கும். மெடிக்கல் கார்டு என்ற சரக்கு விற்றது இந்தக் காத்திருப்பின் மேல்தான். ஏஜெண்டுகள் நம் வீட்டுத் திருமணங்களிலும் கோயில் திருவிழாவிலும் சொன்னது ஒரே வாக்கியம்: "க்யூ நிக்க வேணாம்ணே."

நம்மவர்களுக்கு முன்பும் ஒரு காப்புறுதி இருந்தது. கூட்டு. பத்துப் பேர் மாதாமாதம் போட்டு, அவசரம் உள்ளவர் முதலில் எடுத்துக்கொள்வது. ஆஸ்பத்திரிச் செலவு என்றால் பெரும்பாலும் மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். கூட்டுத் தலைவி ஓடிப்போன கதைகளும் ஏராளம் என்பதால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. இன்னும் நடக்கிறது, அது வேறு. அதில் 60 வயது ஆனவரிடம் அதிகம் போடச் சொல்ல மாட்டார்கள்.

மெடிக்கல் கார்டு அப்படி அல்ல. வயது ஏறினால் பிரிமியம் ஏறும். உங்களோடு ஒரே திட்டத்தில் இருப்பவர்கள் அதிகம் கோரினாலும் ஏறும், நீங்கள் ஒரு நாளும் படுக்காவிட்டாலும். மருத்துவமனை விலை ஏறினாலும் ஏறும். 2024இல் மலேசியாவின் மருத்துவச் செலவு ஏற்றம் 15 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் 13ஆம் அட்டவணை டாக்டரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது. மருந்து, பஞ்சு, கையுறை, அறை, கருவி என மருத்துவமனை போடும் கணக்குக்கு அந்த வரம்பு கிடையாது. பில்லின் நீளமான பகுதி அதுதான். கார்டு இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முகப்பு மேசைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

2024இன் கடைசி மாதங்களில் 40 முதல் 70 விழுக்காடு வரை பிரிமியம் உயர்வதாகக் கடிதங்கள் பறந்தபோது கூச்சல் எழுந்தது. டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வை மூன்று ஆண்டுகளுக்காவது பிரித்துப் போட வேண்டும், 60 வயதுக்கு மேற்பட்டு ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வில்லை. பெரியம்மாவின் திட்டம் நடுத்தரமானது. அன்று ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு ஒரு படி மேலே எடுத்தார். ஆகவே அவருக்கு ஓராண்டு நிறுத்தம் இல்லை, பிரித்துப் போட்டது மட்டும்தான்.

அரசாங்கங்கள் முயலவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாரும் பங்களித்து எல்லாரும் பெறும் சமூகக் காப்புறுதி என்ற பேச்சு 1980களிலிருந்தே இருக்கிறது. 1கேர் என்ற பெயரில் அது வந்தபோது, இன்னொரு வரியா என்ற எதிர்ப்பில் 2012 வாக்கில் அடங்கிப்போனது. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. வசூலிக்கும் பணம் யார் கைக்குப் போகும் என்ற சந்தேகம் இந்த நாட்டில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் அதன் விலையை இன்று தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 2019இல் மைசலாம் வந்தது. குறைந்த வருமானக்காரருக்குக் கடும்நோய் என்றால் 8,000 ரிங்கிட், அரசு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 50 ரிங்கிட், 14 நாள் வரை. நோயில் இழந்த கூலிக்கு ஈடு என்ற எண்ணம் அதில் இருந்தது. லயத்தில் யாருக்கும் கிடைக்காத ஒன்று அது, அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். 2025இல் வந்த யோசனை, சேம நிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பிரிமியம் கட்டலாம் என்பது. முதுமைக்கு வைத்த பணத்தில், முதுமையில் நோய் வந்தால் பார்த்துக்கொள்ள இப்போதே கட்டுவது. கோவிட் காலத்தில் எடுத்துத் தீர்த்தவர்கள் கணக்கில் என்ன மிச்சம் இருக்கிறது என்று யாராவது அவர்கள் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னால் நல்லது.

பெரியம்மா மார்ச் மாதம் முடிவெடுத்தார். பெரியப்பாவுக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கிறது, அவர் கார்டை விட முடியாது. தன்னுடையதை நிறுத்தச் சொல்லிவிட்டார். பாரத்தை நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"ஒன்னும் எழுத வேணாம். எனக்கு ஜி.எச். போதும்யா. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சி பெரட்டுக்கு நின்ன குடும்பம்தானே, நம்பர் எடுக்கப் போறதுக்கு என்ன?"

கட்டத்தைக் காலியாக விட்டு, அவர் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.