பெயர்ந்த குடியும் நிலைத்த குடியும்: கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளரின் வாழிட உரிமை வரலாறு

முன்னுரை

தமிழில் ‘குடி’ என்னும் சொல் குடும்பத்தையும், வாழிடத்தையும், ஆட்சிக்கு உட்பட்ட மக்களையும் ஒருங்கே குறிப்பது. குடியிருத்தல், குடியேறுதல், குடிபெயர்தல், குடியுரிமை ஆகிய சொற்கள் யாவும் அதனடியாகப் பிறந்தவை. ஆயினும், ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பது வேறு. அவ்விடத்தின் குடியாக ஏற்கப்படுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அரசும் சட்டமும் காலந்தோறும் வெவ்வேறு அளவுகோல்களால் அளந்துவந்துள்ளன. பிழைப்பு நாடி வேற்று நிலம் சென்ற தொழிலாளி எத்தனை ஆண்டு தங்கினால், எத்தகைய சான்று காட்டினால் நிலைத்த வாழிட உரிமை பெறுவான் என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகிறது. இவ்வினாவைத் தமிழ்த் தொழிலாளர் கடல்கடந்த நாடுகளில் மட்டுமன்றி, இந்தியத் துணைக்கண்டத்தின் உள்ளேயே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எதிர்கொண்டனர். கோலார் தங்கவயல் அதற்குத் தக்க சான்றாகும். அங்குத் தற்காலிகக் கூலிகளாகச் சென்றோர் நிலைத்த குடிகளான முறையையும், அந்நிலைபேற்றில் இறுதிவரை எஞ்சிய குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேற்றரசின் எல்லையில்

கோலார்ப் பகுதியின் பொன்வளம் குறித்து ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1802இல் ஆராய்ந்தார். 1873இல் மைக்கேல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் அகழ்வு உரிமம் கோரினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்க நிருவாகத்தில் நுழைந்த பின்னரே தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகாம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் வளர்ந்தன. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு இருப்புப்பாதை அமைந்தது. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. குடிக்கணக்கின்படி 1891இல் 7,085ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 38,204ஆக உயர்ந்தது. பத்தாண்டுகளில் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட இப்பெருக்கம் இயல்பான பிறப்பால் நேர்ந்ததன்று. பெயர்ந்து வந்த உழைப்பால் நேர்ந்தது.

அவ்வுழைப்பின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தது. சுரங்கத்தின் அடியாழத்தில் பணிபுரிந்தோருள் ஆதிதிராவிடர் மிகுதி. நிலமின்மையும், பண்ணையடிமை முறையும், பஞ்சமும் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றிய காரணங்கள். இங்கு ஓர் அரசியல் உண்மை கருதத்தக்கது. 1881இல் மைசூர் மீண்டும் உடையார் மரபின் ஆட்சிக்கு வந்துவிட்டது. ஆகவே, சென்னை மாகாணத்துக் குடியானவன் ஒருவன் சோலையார்பேட்டையில் வண்டியேறி மாரிக்குப்பத்தில் இறங்கும்போது, பிரித்தானிய இந்தியாவின் எல்லையைக் கடந்து வேறோர் அரசின் ஆட்சிப்பரப்புக்குள் நுழைந்தான். பயணத்தொலைவு சிறிது, அரசியல் தொலைவோ அத்துணைச் சிறிதன்று. சுரங்கத்தை நடத்தியது லண்டன் நிறுவனம். நிலம் மைசூர் அரசினுடையது. உழைத்தவன் சென்னை மாகாணத்தான். இம்மூன்றனுள் அவனைத் தன் நிலைத்த குடியாகக் கருதும் கடப்பாடு எதற்கும் இருக்கவில்லை.

பதிவேட்டில் வாழ்ந்த தொழிலாளி

நிறுவனத்தின் கணக்கில் தொழிலாளி என்பவன் வேலை உள்ளவரை உள்ளவன். ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் சேர்க்கப்பட்டமையால், பலருக்கு நிறுவனத்துடன் நேரடித் தொடர்பும் இல்லை. குடியிருப்பும் அவ்வாறே. மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசை வரிசைகள் ‘லைன்’ எனப்பட்டன. நிலம் நிறுவனத்தின் பிடியில் இருந்தது; வேலை போயின் குடிசையும் போகும். நெரிசலைத் தணிக்க அமைக்கப்பட்டு, மைசூரில் பணியாற்றிய ஆங்கிலேய ரெசிடெண்டின் பெயரைத் தாங்கிய ராபர்ட்சன்பேட்டை, வணிகர்க்கும் பிறர்க்கும் தனி நகர வாழ்வைத் தந்தது. சுரங்கத் தொழிலாளருள் பெரும்பாலோர் லைன்களிலேயே தங்கினர். ஒரே ஊரில் இருவகைக் குடியிருப்புகள் இவ்வாறு உருவாயின: ஒன்று மனையின்மேல் நின்றது, மற்றொன்று வேலையின்மேல் நின்றது.

பொன் களவைத் தடுப்பது என்னும் நோக்கம் கண்காணிப்பை மேலும் இறுக்கியது. 1930இல் தொழிலாளரைக் கைரேகையுடன் பதிவு செய்யும் திட்டத்தை நிருவாகம் கொணர்ந்தபோது, பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். அக்காலத்தில் சட்ட ஏற்புப் பெற்ற தொழிற்சங்கம் எதுவும் அங்கில்லை. எனினும் போராட்டம் சில வாரங்கள் நீடித்தது. கைரேகை என்பது குற்றவாளிகளை அடையாளம் காணப் பயன்பட்ட கருவி. ஒருமுறை நீக்கப்பட்டவன் வேறு பெயரில் வேறு சுரங்கத்தில் சேர்ந்து பிழைக்கும் வழியையும் அது அடைத்துவிடும். எனவே இப்போராட்டத்தைக் கூலிப் போராட்டமாக மட்டும் காண்பது பொருந்தாது. தாம் எவ்வாறு பதிவு செய்யப்பட வேண்டும், ஐயத்துக்குரிய கூலியாகவா அன்றி மதிப்புடைய மனிதனாகவா, என்னும் வினாவை அத்தொழிலாளர் எழுப்பினர் என்பதே இதன் வரலாற்றுப் பொருள். 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு இயற்றிய தொழிற்சட்டங்களுக்குப் பின்னரே சங்கங்கள் ஏற்புப் பெற்றன. 1946 நவம்பரில் காவல்துறையின் தாக்குதலில் தொழிலாளர் உயிரிழந்தனர். அந்நாளைத் தங்கவயல் நினைவில் வைத்துள்ளது.

தாமே அமைத்த நிலைபேறு

சட்டம் வழங்காத நிலைபேற்றைத் தங்கவயல் தமிழர் தம் நிறுவனங்களின் வழியே தாமே கட்டிக்கொண்டனர். கோயில்களும், தேவாலயங்களும், பள்ளிகளும், இடுகாடுகளும் எழுந்தன. தமிழியல் ஆய்வாளர்க்குச் சிறப்பாக அறிமுகமானது அங்கு வேரூன்றிய பௌத்த இயக்கம். பண்டிதர் க. அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கும், தென்னிந்தியப் பௌத்த சங்கத்துக்கும் மாரிக்குப்பம் முதன்மையான ஆதரவுக் களமாக விளங்கியது. 1914இல் அயோத்திதாசர் மறைந்த பின்னர் நின்றுபோன ‘தமிழன்’, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்து 1930களின் இடைப்பகுதி வரை நீடித்தது. சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது.

ஓர் இதழ் நடைபெற அச்சகம் வேண்டும். சந்தா செலுத்துவோர் வேண்டும். படித்துக் காட்டுவோரும் கேட்போரும் வேண்டும். நாளை ஊர் திரும்பிவிடுவோம் என்று எண்ணும் கூட்டம் இவற்றை அமைத்துக்கொள்வதில்லை. ஆகவே, சென்னையில் பிறந்த ஓர் இதழ் சுரங்க நகரில் மறுபிறப்பு எய்தியது, அந்நகரத் தமிழர் தம்மை நிலைத்த சமூகமாகக் கருதத் தொடங்கியதற்கான எழுத்துச் சான்று எனலாம். அவர்கள் பெரிதும் ஏற்ற ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரும் இங்கு நோக்கத்தக்கது. ‘ஆதி’ என்னும் அடை நிலத்தின்மேல் தொன்மை உரிமை கோருவது. பிறந்த ஊரில் நிலமும் வந்த ஊரில் மனையும் மறுக்கப்பட்டோர் அப்பெயரை விரும்பியது தற்செயலன்று.

ஆண்டுக் கணக்கும் நாட்கணக்கும்

விடுதலைக் காலத்தில் வாழிடம் பற்றிய வினா சட்டத்தின் வடிவம் பெற்றது. இவ்வகையில் இலங்கை மலையகத்தோடு தங்கவயலை ஒப்பிடுவது பயன் தரும். இரு பகுதிகளிலும் ஆங்கிலேய மூலதனமும், ‘லைன்’ குடியிருப்பும், தமிழக ஊர்ப்புறத்து உழைப்பும் பொதுவானவை. இலங்கை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்தியர், பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி 1க்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தில் அடங்கியோர் ஏறத்தாழ எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் ஊழை 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது. இறுதித் தீர்வுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தங்கவயலில் இக்கொடுமை நேரவில்லை. 1950 சனவரி 26 முதல் மைசூரும் சென்னையும் ஒரே குடியரசின் மாநிலங்கள். எங்கும் வாழ்ந்து நிலைபெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு வழங்கியது. எல்லை கடந்து வந்த கூலி ஒரே நாளில் உள்நாட்டுக் குடிமகனானான். ஆயினும் வாழிட வினா வேறொரு வாயில் வழியாகத் திரும்பி வந்தது. 1950 ஆகஸ்டு 10இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை சாதிகளை மாநிலவாரியாக வகுத்தது. மைசூர்ப் பட்டியலில் ஆதிதிராவிடர் இடம்பெற்றனர். ஆனால் பெயர் இடம்பெற்றால் போதாது. அம்மாநிலத்தில் வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும். வாழ்தல் என்பதன் பொருளை உள்துறை அமைச்சகம் 1977 மார்ச்சில் விடுத்த சுற்றறிக்கை விளக்கியது. ஆணை வெளியான நாளில் நிலைவாழிடம் எதுவோ அதுவே அளவுகோல். அதற்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் அந்நாளைய நிலைவாழிடம் அளவுகோல். பிழைப்புக்காகவோ கல்விக்காகவோ தற்காலிகமாக வெளியூரில் தங்கியவர், தாம் தங்கிய மாநிலத்தில் பட்டியல் சாதியினர் ஆகார் என்றும் அது கூறியது. ஒரு மாநிலத்தின் தகுதி குடிபெயர்ந்தோருடன் மற்றொரு மாநிலத்துக்குச் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதி செய்தது.

இவ்விதியைத் தங்கவயலுக்குப் பொருத்திப் பார்க்கும்போதே அதன் கூர்மை விளங்கும். 1950 ஆகஸ்டு 10 அன்று லைன் வீட்டில் இருந்த தொழிலாளி பிழைப்புக்காகத் தங்கியவனா, நிலையாக வாழ்ந்தவனா? அவன் பிழைப்புக்காகவே வந்தவன். மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவனும் அவனே. திருவிழாவுக்குச் சொந்த ஊர் செல்வான். பெண் கொள்வதும் கொடுப்பதும் அங்கே நிகழும். ஆயின் நிலமும் வீடும் அங்கில்லை. பேரனுடைய கல்வியும் அரசுப் பணியும் பாட்டன் வாழிடத்துக்குச் சான்று காட்டுவதைச் சார்ந்து நின்றன. மனைப்பட்டா இல்லாத அப்பாட்டனுக்கு நிறுவனத்தின் பதிவேடே எழுத்துச் சான்று. ஐயத்தின் கருவியாக வந்த பதிவேடு உரிமையின் ஆவணமாக மாறியது வரலாற்றின் முரண்.

‘சொந்த ஊர்’ என்பதும் அசையாது நின்ற ஒன்றன்று. வட ஆர்க்காட்டின் சில பகுதிகள் 1911இல் சித்தூர் மாவட்டமாயின. 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. 1960இல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சென்னை மாகாணத்திலிருந்து புறப்பட்ட குடும்பத்தின் பூர்விக ஊர், அக்குடும்பம் அசையாதிருக்கவே, வேறு மாநிலமாகிவிட்ட நிகழ்வுகள் உண்டு. ஆள் பெயர்ந்ததைவிட எல்லை மிகுதியாகப் பெயர்ந்தது எனின் மிகையாகாது.

சுரங்கம் மூடிய பின்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை நடுவண் அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. கூலி அரசு நிறுவனத் தொழிலாளியானான். சட்டமன்றத்துக்குத் தன் தலைவர்களை அனுப்பினான். நிலைபேறு முழுமையுற்றதாகத் தோன்றிய காலம் அது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது, அந்நிலைபேற்றின் அடித்தளம் எது என்பது வெளிப்பட்டது. வேலையோடு வந்த வீடு வேலை போனபின் யாருடையது? நூறாண்டு வாழ்ந்த வரிசைகளில் தொழிலாளர் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்தன. வீட்டின் உரிமையைக் கோருவது நெடிய போராட்டமாயிற்று. பெயர்ந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் வைகறைத் தொடர்வண்டியில் பெங்களூருக்குப் பெயரலாயினர்.

அங்கும் வாழிட அளவுகோல் அவர்களை எதிர்கொண்டது. 1980களில் சரோஜினி மகிஷி குழு கன்னடிகர் என்பதற்குப் பதினைந்தாண்டு வாழ்வையும் கன்னட எழுத்தறிவையும் அளவாக வைத்தது. 2024 சூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்றுப் பின்னர் நிறுத்திவைத்த உள்ளூர் வேலைவாய்ப்பு மசோதாவும் மாநிலத்தில் பிறப்பு, பதினைந்தாண்டு வாழ்வு, கன்னடத் திறன் ஆகியவற்றை வேண்டியது. முதலிரண்டையும் தங்கவயல் தமிழர் எளிதில் நிறைவு செய்வர். மூன்றாவதைத் தமிழ்வழி பயின்றோர் தேர்வெழுதி மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். மண்ணின் மொழியைக் கற்பது அம்மண்ணில் வாழ்வோர்க்குக் கடனும் நலனும் ஆகும். நான்காம் தலைமுறைக்கும் அது நுழைவுத் தேர்வாக வைக்கப்படுமா என்பதே எஞ்சும் வினா.

முடிவுரை

தங்கவயல் வரலாறு வாழிட உரிமையின் மூன்று அளவுகோல்களைக் காட்டுகிறது. நிறுவனம் வேலையால் அளந்தது. அரசு நாளாலும் ஆண்டாலும் அளந்தது. மக்கள் தாம் எழுப்பிய பள்ளியாலும், அச்சகத்தாலும், சங்கத்தாலும், இடுகாட்டாலும் அளந்தனர். முதல் அளவு சுரங்கத்தோடு முடிந்தது. இரண்டாவது ஆவணம் உள்ளோர்க்கு வாயிலாகவும் இல்லாதோர்க்குச் சுவராகவும் நின்றது. மூன்றாவதே அவர்களை உண்மையில் நிலைத்த குடியாக்கியது. ஆயின் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. இலங்கையில் இடையறாத வாழ்வு கேட்கப்பட்டது. தங்கவயலில் ஒருநாளைய நிலைவாழிடம் கேட்கப்பட்டது. இரண்டிலும் மெய்ப்பிக்கும் சுமை உழைத்தவன் தோளிலேயே விழுந்தது. ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்ட நிலத்தில், அதை எடுத்தோரின் வழியினர் தம் பாட்டன் அங்கு வாழ்ந்தமைக்கு ஒரு தாளைத் தேட வேண்டியிருந்தது. புலம்பெயர் தொழிலாளர்க்கு வாழிட விதி வகுப்போர் ஆண்டுகளை எண்ணுவதோடு, அவர்கள் அங்குக் கட்டியவற்றையும் எண்ணுதல் வேண்டும் என்பதே தங்கவயல் வரலாறு தரும் படிப்பினை.